மூட்டையில் 20, கோழிக்கு எவ்வளவு?

தேவகோட்டைப் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்க்கும் (குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, வளர்ப்புக்குக் கூலி) வாசகர் ஒருவர் கேட்கிறார்: “முன்னெல்லாம் கடைசிப் பருவத்துக்கான பினிஷர் தீவன மூட்டையில் புரதம் 20 சதவீதம் என்று போட்டிருக்கும். இப்போது 18, 18.5 என்று வருகிறது. கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். கடைசியில் எங்கள் தலையில்தானே விடியும்?”

காசு மிச்சம் பிடிப்பது உண்மைதான். யார் தலையில் விடியும் என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

கறிக்கோழிச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம். சோயா புண்ணாக்கில் 45 வாக்கில். புரதத்தை ஏற்ற வேண்டுமென்றால் சோளத்தைக் குறைத்துச் சோயாவைக் கொட்ட வேண்டும். அந்தச் சோயா எப்படி விலை ஏறும் என்பதற்கு 2021 சாட்சி: மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்துகொள்ள ஒன்றிய அரசே அனுமதி கொடுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணைப்படி குஞ்சுப் பருவத்துக்கு 23, அடுத்து 22, கடைசியில் 20 சதவீதம் புரதம். இந்த 20ஐத்தான் கம்பெனிகள் கரைக்கப் பார்க்கின்றன.

ஆனால் மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண், புரதத்தை எடைபோட்டுச் சொன்ன எண்ணே அல்ல. ஆய்வகத்தில் தீவனத்தின் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். வயலுக்குப் போடும் யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். அதே கணக்கில் யூரியாவின் ‘புரதம்’ 287 சதவீதம்! 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தவர்கள் இந்த ஓட்டைக்குள்தான் புகுந்தார்கள்.

கோழிக்கு வேண்டியது அமினோ அமிலங்கள். சதை வளர ஏறத்தாழ இருபது வகை தேவை. அவற்றில் பாதியைத் தீவனம்தான் கொடுத்தாக வேண்டும். கண்டாங்கி நெய்கிறவருக்கு அரக்கு நூல் தீர்ந்துபோனால், மஞ்சள் நூல் கூடை நிறைய இருந்தாலும் தறி நிற்கும். சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் தீர்வது மெத்தியோனின்; அடுத்து லைசின், பிறகு திரியோனின். மிஞ்சிய மற்றவற்றைக் கோழி சேமித்து வைக்க முடியாது. நைட்ரஜனைக் கழற்றி யூரிக் அமிலமாக்கி, எச்சத்தில் வெள்ளையாகத் தள்ளிவிடும். அந்த வேலைக்கும் சக்தி செலவு. எச்சம் ஈரமாகி, கீழே பரப்பிய உமி கட்டிதட்டி, விடிகாலையில் படுதாவைத் தூக்கியதும் கண்ணைக் கரிக்கிறதே அம்மோனியா, அதில் ஒரு பங்கு காசு கொடுத்து வாங்கிய சோயா.

சரி, தீர்ந்துபோகும் அந்த மூன்றை மட்டும் தனியாகச் சேர்த்தால்? அதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது.

அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவம் உண்டு. உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தால் மட்டுமே. மெத்தியோனினைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்கிறார்கள். அங்கே இரண்டும் பாதிக்குப் பாதி கலந்து வரும். பிரித்தெடுக்கச் செலவாகும். பிரிக்காமலே போடுகிறார்கள். கோழியின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஒரு நொதி இருக்கிறது. வலக்கை மெத்தியோனினைப் பிடித்து, அதன் நைட்ரஜன் பகுதியைக் கழற்றிவிடும். கழற்றியதும் அந்த மூலக்கூறுக்குக் கை என்பதே இல்லை. இன்னொரு நொதி வந்து நைட்ரஜனைத் திரும்ப மாட்டும், இம்முறை இடப்பக்கத்தில். வேலை முடிந்தது.

லைசினிடம் இந்த வித்தை பலிக்காது. கழற்றினால் திரும்ப மாட்ட ஆள் இல்லை. அதனால் லைசினை ஆலையில் இரண்டு கையாகச் செய்வது வீண். கொரினிபாக்டீரியம் என்ற பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து இடக்கை லைசினை மட்டும் சுரக்க வைக்கிறார்கள். ஒரு மூட்டைத் தீவனத்துக்குள் பெட்ரோலிய ஆலை ஒன்றும் நுண்ணுயிர்த் தொட்டி ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இவற்றைச் சரியான அளவில் சேர்த்தால் 18.5 சதவீதத் தீவனம் 20ஐப் போலவே எடை கொடுக்கும்.

தீவனத்தில் சத்து எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைசியில் சந்தைதான் முடிவு செய்கிறது. உதாரணத்துக்கு, சத்தை ஏற்றிய தீவனம் கிலோவுக்கு 2 ரூபாய் கூட என்று வைப்போம். கடைசிப் பருவத்தில் ஒரு கோழி 2 கிலோ தின்றால் 4 ரூபாய். அதனால் 50 கிராம் எடை கூடினால், உயிர்க்கோழி கிலோ 90 ரூபாய்க்குப் போகும்போது நாலரை ரூபாய் வரவு. 70க்கு விழுந்தால் மூன்றரைதான். கோழி அதேதான், தீவனமும் அதேதான், ஆனால் அரை ரூபாய் லாபம் அரை ரூபாய் நட்டமாகிவிட்டது. ஐந்தொகை போட்டுப் பழகிய செட்டிநாட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வளர்ப்பவருக்கோ கூலி பெரும்பாலும் கிலோ கணக்கில். அந்த 50 கிராம் கம்பெனிக்குக் கட்டாவிட்டாலும் அவருக்கு வேண்டும். வாசகரின் சந்தேகத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

அமினோ அமிலத்தைச் சேர்க்காமல் புரதத்தை மட்டும் வெட்டினால் கதை வேறு. சக்தி மிஞ்சிக் கொழுப்பாகும். காரைக்குடிச் சந்தையில் கோழியைக் கிழிக்கும்போது வயிற்றோரம் மஞ்சள் கட்டியாக வருவது அது. அதையும் எடைபோட்டு விற்றுவிட்டு, “ஊசி போட்ட கோழி” என்று பழியை வேறெங்கோ போடுவார்கள். ஐயாயிரம் கோழிக்கு யார் தினம் ஊசி போடுவது? ஹார்மோனைத் தீவனத்தில் கலந்தாலும், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், வயிற்றிலேயே செரித்துவிடும். வேகமான வளர்ச்சி வேகமாக வளரும் கோழிகளையே பல தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்ததால் வந்தது.

300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் அழகப்ப செட்டியார் கொடுத்ததால், 1948இல் அடிக்கல் நாட்டி, மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. அமினோ அமிலத்தைச் சரியான அளவில் சேர்க்க, தீவனப் பொருளில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். நம் கடலைப் புண்ணாக்கிலும் எத்தனால் ஆலைக் கழிவிலும் கோழிக்குச் செரிக்கும் லைசின் எவ்வளவு என்று ஊர் ஊராக அளக்க அந்தத் தொகையில் ஒரு துளி போதும். கொடுக்கத்தான் ஆளைக் காணோம்.

வாசகருக்கு: சூப்பர்வைசரிடம் புரதச் சதவீதத்தைக் கேட்காதீர்கள். “செரிக்கும் லைசின் எவ்வளவு, மெத்தியோனின் எவ்வளவு?” என்று கேளுங்கள். கம்பெனியில் தீவனம் கலப்பவரிடம் அந்த எண்கள் கட்டாயம் இருக்கும். கீழே உமி முன்னைவிடக் காய்ந்து, எடையும் குறையாமல் இருந்தால் 18.5ஐப் பற்றிக் கவலை வேண்டாம். எடை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடினால் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கும் முன்பே பேசிவிடுங்கள்.