டிடர்ஜென்ட் ‘செயற்கைச் சோப்பு’ அல்ல

லத்தீனில் ‘தெர்கெரே’ என்றால் துடைத்தல். முன்னால் ‘தே’ சேர்ந்தால் துடைத்து அகற்றுதல். சலவைத்தூளுக்கும் பாத்திரத் திரவத்துக்கும் சொல்லும் ‘டிடர்ஜென்ட்’ என்ற சொல்லின் பிறப்பு அவ்வளவுதான். அதில் சோப்பும் இல்லை, செயற்கையும் இல்லை. ஆனாலும் சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் ‘செயற்கைச் சோப்பு’ என்பதை விடுவதாக இல்லை.

அப்படியானால் சோப்பு இயற்கையா? மரத்தில் காய்ப்பது பூந்திக்கொட்டை. சோப்போ, எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு வினைபுரியவைத்து எடுக்கும் கொழுப்பு அமில உப்பு. சோப்புக்கும் டிடர்ஜென்ட்டுக்கும் வேலை ஒன்றுதான்: மூலக்கூறின் வால் எண்ணெய்ப் பிசுக்கில் செருகிக்கொள்ளும், தலை நீரைப் பற்றும். துணியைக் கசக்கும்போது பிசுக்கு நுண்ணிய உருண்டைகளாகப் பெயர்ந்து நீரில் மிதந்து போகும். (‘அழுக்கைக் கரைக்கிறது’ என்பதும் தவறு. எண்ணெய் நீரில் கரைவதில்லை, சிதறி நிற்கிறது.)

வேறுபாடு தலையில் இருக்கிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் தலையைப் பிடித்துக்கொள்ள, நுரை வராமல் வெண்திரை படியும். டிடர்ஜென்ட்டின் சல்ஃபோனேட், சல்ஃபேட் என்னும் கந்தகத் தலைகள் அவ்வளவு எளிதில் சிக்காது. ‘செயற்கைச் சோப்பு’ என்ற பெயர் மறைப்பது இதைத்தான்.

செய்து காட்டலாம். இரண்டு பாட்டில்களில் 200 மி.லி. நீர், ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்; நீரைக் கடினமாக்க). ஒன்றில் சீவிய குளியல் சோப்பு, மற்றதில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம். குலுக்கினால் முதலாவது திரியும், இரண்டாவது நுரைக்கும். இரண்டாவதில் சலவைத்தூளைப் போடக் கூடாது. அதிலுள்ள சலவை சோடாவே நீரைக் கலங்கடித்துவிடும், பிள்ளைகள் இரண்டும் ஒன்றென்று நினைப்பார்கள்.

அப்படியானால் டிடர்ஜென்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சலவைத்தூள்’ கடைக்குச் சரி, பாத்திரத் திரவத்துக்குப் பொருந்தாது. ‘துப்புரவாக்கி’ என்றால் துடைப்பமும் அதில் அடங்கும். ‘அழுக்ககற்றி’ நேர்ச்சொல், பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ‘அழுக்குநீக்கி’ என்றாலும் சண்டையில்லை. ‘கறைநீக்கி’ மட்டும் வேண்டாம். கறையின் நிறத்தை அழிக்கும் ப்ளீச்சையும் அப்படித்தான் சொல்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறை. நீரில் மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைக்கும் சோதனையில் ‘அழுக்கு பயந்து ஓடுகிறது’ என்று எழுதுகிறார்கள். மிளகு அழுக்குமில்லை, அதற்குப் பயமுமில்லை. விரல் பட்ட இடத்தில் பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பை இழுத்துப் பிடித்திருக்கும் விசை, குறைகிறது. சுற்றியுள்ள நீர்ப்பரப்பு வெளிப்பக்கமாக இழுக்க, மிளகும் கூடவே போகிறது.