சொல் விளக்கம்: ரிசர்வாயர் ஹோஸ்ட்

ஒரு கிருமி தலைமுறை தலைமுறையாக அழியாமல் நிலைத்திருக்கும் விலங்கினமே அந்தக் கிருமியின் 'ரிசர்வாயர் ஹோஸ்ட்'. பெரும்பாலும் அந்த விலங்கிடம் நோய்க்கான அறிகுறியே தெரியாது. வௌவால் பற்றிய செய்திகளில் இந்தச் சொல் அடிக்கடி தலைகாட்டும்.

'ரிசர்வாயர்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் லத்தீன் வேருக்கு எடுத்துவைத்தல் என்று பொருள். 'ஹோஸ்ட்' என்பதும் லத்தீன் வழிச் சொல்தான். விருந்தளிப்பவர் என்பது பொருள். நம் பாடநூல்களில் அது 'ஓம்புயிரி'. ஓம்புதல் என்றால் பேணுதல், கச்சிதமான ஆக்கம்.

சிக்கல் முதல் பாதியில்தான். ஆங்கிலத்தில் நீர்த்தேக்கத்துக்கும் 'ரிசர்வாயர்' என்றே பெயர் என்பதால், அணையை மனத்தில் வைத்து 'தேக்க ஓம்புயிரி' என்று எழுதுகிறார்கள். தமிழில் தேக்கம் என்றால் ஓட்டம் நின்றுபோனது என்றும் பொருள்படும். வௌவாலுக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு.

ஒருவகைக் கொரோனா வைரஸால் வரும் நுரையீரல் நோயான சார்ஸையே எடுத்துக்கொள்வோம். 2002 இறுதியில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் அந்த நோய் தலைதூக்கியது. சந்தையில் விற்ற புனுகுப்பூனைகளிடம் வைரஸ் இருந்ததால் பழி அவற்றின் மேல் விழுந்தது. 2005இல்தான் அதன் நெருங்கிய உறவு வைரஸ்கள் குதிரைலாட வௌவால்களிடம் இருப்பது தெரிந்தது. பிறகு யுன்னான் மாகாணத்தில் ஒரே குகையின் வௌவால் எச்சங்களை ஐந்தாண்டுகள் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2017இல் வெளியான முடிவு வியக்க வைப்பது: சார்ஸ் வைரஸை அப்படியே ஒத்த வைரஸ் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் அதன் மரபணுத் தொகுதியின் பகுதிகள் எல்லாம், வெவ்வேறு வைரஸ்களில் சிதறிக் கிடந்தன. ஒரே வௌவாலை இரண்டு கொரோனா வைரஸ்கள் தொற்றினால், நகலெடுக்கும்போது துண்டுகள் மாறி ஒட்டிப் புது வைரஸ் பிறக்கலாம். இதற்கு மறுசேர்க்கை என்று பெயர். இவ்வளவு ஓயாமல் மாறும் ஒன்றுக்குத் தேக்கம் என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது.

அதனால் 'உறைவிட ஓம்புயிரி' என்பதே என் தேர்வு. வௌவாலுக்கும் மனிதருக்கும் நடுவே நின்ற புனுகுப்பூனை 'இடைநிலை ஓம்புயிரி'. கொசுவைப் போலக் கிருமியை ஏந்திப்போய் இன்னொரு உடலில் சேர்ப்பது 'நோய்க்கடத்தி'. வௌவாலையும் நோய்க்கடத்தி என்று எழுதினால், கொசுவை ஒழிப்பதுபோல அதையும் ஒழித்துவிடலாம் என்ற எண்ணம் வரும். உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு, வௌவால்களிடமிருந்து தொற்றும் கொடிய வைரஸ் காய்ச்சலான மார்பர்க் நோய் வந்தபின், அங்கிருந்த வௌவால்களை அடியோடு ஒழித்தார்கள். 2012க்குள் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. அவற்றில் மார்பர்க் தொற்று முன்பைவிடக் கூடுதலாக இருந்தது.