"வெளியாள் ரத்தம் வேண்டாம் சார்"

ராத்திரி ஒரு மணிக்கு ரத்த வங்கிக்கு ஓடி வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். மனைவிக்குப் பிரசவம் முடிந்தும் உதிரப்போக்கு நிற்கவில்லை. சீட்டை நீட்டியவர், சட்டைக் கையையும் மடித்துவிட்டார். "என் ரத்தத்தையே எடுத்து அவளுக்கு ஏத்துங்க சார். வெளியாள் ரத்தம் வேண்டாம்."

இதைக் கேட்காத மாதமே எனக்கு இல்லை. பயத்தில் வரும் வார்த்தை, கோபிக்க முடியாது. ஆனால் உண்மை இதற்கு நேர் எதிர். இன்னும் பிள்ளை பெறக்கூடிய மனைவிக்குக் கணவனின் ரத்தத்தை ஏற்றுவதை நாங்கள் தவிர்ப்போம். அவருடைய அணுக்களுக்கு எதிராக அவள் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால், அடுத்த முறை வயிற்றில் அப்பாவின் கூறுகளோடு வளரும் குழந்தையின் ரத்தத்தை அதுவே அழிக்கலாம்.

அப்பா, அம்மா, அண்ணன், தம்பி கொடுத்தால்? அதிலும் ஓர் ஆபத்து உண்டு. மரபணு நெருங்கி ஒத்துப்போவதால், உள்ளே போகும் வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடும். அவை பெருகி அந்த உடம்பையே தாக்கும். அரிதுதான், வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதனால் நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தை, அந்த வெள்ளணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று. எந்த ரத்தமானாலும் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கிறோம். தொற்றிய புதிதில் பரிசோதனையிலும் அகப்படாத நாட்கள் உண்டு. அங்கே கொடுப்பவரின் உண்மைதான் காவல். குடும்பமே சுற்றி நிற்கும்போது ஒருவர் தன் விஷயத்தைச் சொல்லத் தயங்குவார். தானாக முகாமுக்கு வருபவருக்கு மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

அன்று அந்தப் பெண்ணுக்கு ஏறிய மூன்று யூனிட்டும் ஒரு கல்லூரி முகாமில் வந்தவை. இருபது வயதுப் பிள்ளைகள் கொடுத்தது. யார் என்று அவளுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம், விதி அப்படி.

மறுநாள் கணவரும் வந்து ரத்தம் கொடுத்தார். அதைப் பிரித்தோம். ரத்தம் உறைய உதவும் அவருடைய பிளேட்லெட் புற்றுநோய் வார்டுக்கும், சிவப்பணு, பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத தலசீமியா நோய் உள்ள ஒரு சிறுமிக்கும் போயின. அவளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுளுக்கும்.

பிளேட்லெட் 5 நாள் தாங்கும், சிவப்பணு அதிகபட்சம் 42 நாள். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடும். மார்ச்சில் எடுத்து வைத்தது மே கடைசிக்கு வராது. அதனால் உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ முகாம் வைக்க நினைத்தால் மே மாதத்தில் வையுங்கள். 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினும் இருந்தால் பெரும்பாலானோர் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை.

மற்ற மாதங்களில் அந்தச் சிறுமியின் அம்மா நேரே வந்துவிடுவார். மே மாதத்தில் மட்டும் பஸ் ஏறுவதற்கு முன் போன் செய்கிறார்: "சார், இருக்கா?"