துளிரைப் பாருங்கள்: எலுமிச்சை இனத் தோட்டங்களில் பூச்சியும் நோயும்

சாத்துக்குடித் தோட்டம் ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது, அதன் உரிமையாளர் மஞ்சளித்த இலைகள் சிலவற்றைப் பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். துத்தநாகக் குறைபாடு என்று யாரோ சொன்னதை நம்பி, 2 ஆண்டுகளாக நுண்ணூட்டக் கரைசல் தெளித்தும் மரங்கள் தேறவில்லை என்று வருந்தினார். ஓர் இலையை வாங்கி, நடுநரம்பின் இருபுறமும் நேரெதிரே பேனாவால் ஒவ்வொரு வட்டம் வரைந்தேன். ஒரு வட்டத்துக்குள் பச்சை. எதிர் வட்டத்துக்குள் மஞ்சள். துத்தநாகக் குறைபாட்டில் இலையின் இரு பாதிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிறும். கிரீனிங் எனப்படும் பாக்டீரியா நோயிலோ மஞ்சள் திட்டுகள் நரம்புகளைத் தாண்டிப் பரவி, ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் பொருந்தாமல் நிற்கும். பழத்தை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். நடுத்தண்டு வளைந்திருந்தது, விதைகள் கருத்துச் சூம்பியிருந்தன. இலைகளை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகே நோயின் பெயரைச் சொன்னேன்.

இந்தத் தவறு நேர்வதற்குக் காரணம் உண்டு. கிரீனிங் நோயை உண்டாக்கும் பாக்டீரியா, இலையில் உருவாகும் உணவைக் கீழே கொண்டுசெல்லும் பட்டைத் திசுவில் வாழ்ந்து, மெல்ல வேர்களையும் நலிவடையச் செய்கிறது. வேர் நலிந்த மரத்தில் உண்மையாகவே சத்துக் குறைபாடும் தோன்றுவதால், கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டே அடியில் இருக்கும் நோயை விட்டுவிடுகிறோம். தொற்று ஏற்பட்டு அறிகுறி வெளிப்படப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகளே ஆகலாம். அதுவரை நலமாகத் தோன்றும் மரத்திலிருந்து நோய் பரவிக்கொண்டிருக்கும்.

பரப்புவது சில்லிட் என்னும் சிறு பூச்சி. 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள இது, தலையைத் தாழ்த்திப் பின்பகுதியை உயர்த்தியபடி இலையில் சாய்ந்து உட்காரும். இந்த நிலையை ஒருமுறை கண்டுகொண்டவர் பிறகு எங்கும் அடையாளம் காண்பார். முட்டையிட அதற்கு இளந்துளிர் வேண்டும். குஞ்சுகளும் துளிரில்தான் வளர முடியும். வெண்ணிற மெழுகு இழைகள் துளிரில் சுருண்டு கிடந்தால் குஞ்சுகள் அங்கே இருக்கின்றன என்று பொருள். கறிவேப்பிலைச் செடியிலும் இப்பூச்சி பெருகும் என்பதால், தோட்ட ஓரத்தில் அது இருந்தால் அதன் துளிரையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் இப்பூச்சி 1998இலும் நோய் 2005இலும் கண்டறியப்பட்டன. 2003-04இல் சுமார் 24 கோடிப் பெட்டிகளாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், 2022-23இல் 2 கோடிப் பெட்டிகளுக்கும் கீழே இறங்கியது. சூறாவளிகளுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், மரங்களை நலிவித்ததில் முதலிடம் இந்நோய்க்கே.

ஆகவே நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பதை விட்டுவிட்டுத் துளிரைப் பார்த்து முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள். கிளைக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, கிளையைக் குச்சியால் மும்முறை தட்டி, விழும் பூச்சிகளை எண்ணுங்கள். தோட்டத்தின் ஓரங்களில் கூடுதலான மரங்களைத் தட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் சில்லிட்கள் முதலில் தங்குவது அங்கேதான். மருந்து தேவைப்பட்டால், துளிர் வெடிக்கத் தொடங்கும் முன்னரே தாய்ப்பூச்சிகளைக் குறைப்பது பலனளிக்கும். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமல், செயல்படும் விதத்தில் வேறுபட்டவற்றை மாற்றி மாற்றித் தெளியுங்கள். பூக்கும் காலத்தில் தேனீக்களைக் கொல்லும் மருந்துகளைத் தொடவே கூடாது.

மிகையாகத் தெளிப்பதும் ஆபத்தே. 1880களின் இறுதியில் கலிபோர்னியாவின் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில் பூச்சியை, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு ஓரிரு ஆண்டுகளில் அடக்கியது. 1940களில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கியபோது பொறிவண்டுகள் மடிந்து, செதில் பூச்சி மீண்டும் பெருகியது. தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறினாலும் கவனியுங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் நன்மை செய்யும் பூச்சிகளை விரட்டிவிடுகின்றன.

இலைத்துளைப்பான் வரையும் வெள்ளிக் கோடுகளைக் கண்டு பலர் பதறுகிறார்கள். வளர்ந்த மரம் அந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். இளங்கன்றுகளிலும், சொறிநோய் இருக்கும் தோட்டங்களிலும் மட்டுமே அதற்குத் தனிக் கவனம் வேண்டும். துளைப்பான் உண்டாக்கும் காயங்களின் வழியே சொறிநோய்ப் பாக்டீரியா எளிதாகப் புகுந்துவிடும். பறவை எச்சம் போலத் தோன்றும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைக் கையால் பொறுக்கினாலே போதும். பிசின் வடியும் நோய்க்கு, தண்டில் நீர் தேங்காமல் பாத்தி அமைப்பதும், ஒட்டுக்கட்டிய இடம் மண்ணில் புதையாமல் நடுவதும் முதற்காப்பு.

அன்று அந்தத் தோட்டக்காரர், “நோய் தெரிகிற கிளையை மட்டும் வெட்டினால் போதாதுங்களா, சார்?” என்று கேட்டார். ஒரு கிளையில் அறிகுறி தெரியும்போதே பாக்டீரியா வேர்வரை சென்றிருக்கும் என்பதை விளக்கினேன். மரத்தை அகற்ற அவர் ஒப்புக்கொண்டதும், வெட்டுவதற்கு முன்பு அதில் சில்லிட்டுக்கு மருந்து தெளிக்கச் சொன்னேன். அப்படிச் செய்யாவிட்டால், கோடரி விழும் அதிர்விலேயே நோய் சுமந்த பூச்சிகள் பறந்து பக்கத்து மரத்தின் துளிரில் போய் உட்கார்ந்துவிடும். அடிக்கட்டையில் மறுபடி துளிர் வராதபடி வேரோடு தோண்டி எடுத்த பிறகு, சுற்றியிருந்த மரங்களின் இலைகளை இருவருமாக ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினோம்.