பையனுக்கு 18 ஆகிவிட்டதா? வயதில் தகராறு வந்தால் கோர்ட் எந்தக் காகிதத்தைப் பார்க்கும்

ஒரு பையன் மீது குற்ற வழக்கு வந்தால், சம்பவம் நடந்த தேதியில் அவனுக்கு 18 வயது நிரம்பியிருந்ததா என்பது ஒன்றே கேள்வி. 17 வயது 11 மாதத்தில் நடந்ததற்காக 20 வயதில் கைது செய்தாலும், அந்த வழக்கு சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். கைதான தேதியையோ கோர்ட்டில் நிறுத்திய தேதியையோ வைத்து வயதைக் கணக்கிடக் கூடாது என்று 2005இல் பிரதாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு மாத வித்தியாசத்தில்தான் சென்னையில் புழல் சிறையா, கெல்லீஸில் உள்ள சிறுவர் இல்லமா என்பது முடிவாகிறது. சிறுவர் என்று தீர்ந்தால் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குற்றம் உறுதியானாலும் அதிகபட்சம் 3 ஆண்டு, சிறுவர்களுக்கான சிறப்பு இல்லத்தில். 16 முதல் 18 வரை வயதுள்ளவர் மீது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுக்குக் குறையாத கொடுங்குற்றம் சாட்டப்பட்டிருந்தால் மட்டும், செய்வதன் விளைவு புரியும் மனநிலை அவருக்கு இருந்ததா என்று குழுமம் பார்க்கும் முதல்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு பெரியவர் போல விசாரிக்க வழி உண்டு. அப்போதும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கே இடமில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

பிடித்துப் போகும்போது ஆளின் உயரத்தையும் மீசையையும் பார்த்து 'வயது 19' என்று எழுதிவிடுவது நடக்கிறது. ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து சொல்லாவிட்டால் அந்த 19 வழக்கு முழுக்கக் கூடவே வரும். அதனால் வியாசர்பாடியோ காசிமேடோ, வீட்டில் இருப்பவர்கள் முதல் நாளே தேட வேண்டியது காகிதம்.

எந்தக் காகிதம் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 94இல் வரிசை இருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இவை எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. வரிசையைத் தாண்டக் கூடாது. பள்ளிச் சான்றிதழ் கையில் இருக்கும்போதே 'எக்ஸ்ரே எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் உங்கள் வக்கீல் ஆட்சேபிக்க வேண்டும்.

பத்தாவது எழுதியவருக்குச் சிக்கல் குறைவு, மதிப்பெண் சான்றிதழிலேயே பிறந்த தேதி இருக்கும். எட்டாவதோடு நின்றவர்களுக்குத்தான் அலைச்சல். பலர் டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். அது போதாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் வயதைக் காட்ட மாற்றுச் சான்றிதழை நம்பியது தவறு என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கேயும் பார்த்தது இதே பிரிவு 94தான். ஆகவே தலைமை ஆசிரியரிடம் பிறந்த தேதிச் சான்றிதழ் என்றே கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். ஐந்து வயது ஆகாத பிள்ளையைச் சேர்க்கத் தேதியை முன்னே தள்ளிக் கொடுத்த வீடுகள் நிறைய. அந்தத் தள்ளல் இப்போது பையனைப் பெரியவனாக்கிவிடும். அப்படி இருந்தால் முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வழக்குக்குப் பிறகு பதிவேட்டைத் திருத்தச் சொல்லிப் பள்ளியை நெருக்காதீர்கள். புது மை கண்ணில் பட்டால் உண்மையான ஆவணமும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

பிறப்பு, பிறந்த இடத்தில் பதிவாகும். குடியிருக்கும் இடத்தில் அல்ல. வீடு எண்ணூரில் இருந்தாலும் இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவருக்குச் சென்னை மாநகராட்சிப் பதிவில் தேடுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் மூன்றும் 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. அதற்கு முன் அங்கே பிறந்தவர் என்றால் பழைய நகராட்சிப் பதிவு இப்போது எந்த மண்டல அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெயர் சேர்க்காமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பெற்றோர் பெயரும் மருத்துவமனைப் பதிவும் ஒத்துப்போனால் பயன்படும்.

ஆதார் அட்டை இந்த வரிசையிலேயே இல்லை. அது பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது என்பதை 2024இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எலும்புப் பரிசோதனைக்கு உத்தரவானால் 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு எலும்புகளின் முனைகள் சேர்ந்துவிட்டனவா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், பற்களையும் பார்ப்பார்கள். முடிவு ஒரு தேதியாக வராது, '17க்கு மேல் 19க்குள்' என்பது போல வரும். உணவு, உடல்வாகு, நோய் எல்லாம் எலும்பு வளர்ச்சியை மாற்றும். இரண்டு பக்கமும் 2 ஆண்டு வரை தவறலாம் என்று 1982லேயே ஜெயமாலா வழக்கில் சொல்லப்பட்டது. பழைய 2007 விதிகளில் ஓராண்டு குறைத்துக் கொடுக்க வெளிப்படையான இடம் இருந்தது. 2015 சட்டத்தில் அந்த வரி இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்கில் சிறுவர் பக்கமே சாய வேண்டும் என்ற தீர்ப்புகளை வக்கீல் காட்டியாக வேண்டும்.

வழக்கு குழுமத்தில் இல்லாமல் வேறு கோர்ட்டில் நடக்கிறதென்றால், 'சம்பவத்தன்று இவர் சிறுவர்' என்று அதே சட்டத்தின் பிரிவு 9(2)இன் கீழ் மனு போட வேண்டும். பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது, சாட்சியம் வேண்டும். தலைமை ஆசிரியரைப் பதிவேட்டோடு அழைக்கச் சொல்லுங்கள். விசாரணை முடியும்வரை காவல் தேவைப்பட்டால் சிறைக்கு அனுப்பாமல், சட்டம் சொல்லும் 'பாதுகாப்பிடத்தில்' (சிறை, லாக்கப் அல்லாத தனி இடம்) வைக்கக் கேளுங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது, மேல்முறையீடும் தோற்றது என்றாலும் இந்த உரிமை காலாவதியாவதில்லை. புனே கொலை வழக்கு ஒன்றில் மரண தண்டனை பெற்று 28 ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்தவரை, சம்பவத்தன்று அவருக்கு 12 வயதுதான் என்று கண்டு 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வழக்கில் ஒரு பெயர், ராஜஸ்தான் பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று நிறுவ வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்றால் இரண்டையும் மனுவிலேயே எழுதுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சிறுவருக்கு இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணையத்தின் எண் 15100. குழுமத்தின் உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.