பனியாற்றியல்: நகரும் பனியைப் படிக்கும் துறை

கிளேசியாலஜி என்ற துறைக்குத் தமிழில் பனிப்பாறையியல், பனியியல், பனியாற்றியல் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் பனியாற்றியல் என்பதையே நாம் நிலைநிறுத்த வேண்டும் என்பது என் துணிபு. துருவப் பனி எப்படி வளர்கிறது, எப்படிக் கரைகிறது என்பதைப் பார்த்தாலே அதற்கான காரணம் விளங்கிவிடும்.

முதலில் மூலச்சொல். லத்தீனில் ‘கிளாகியேஸ்’ என்றால் பனிக்கட்டி. பிரெஞ்சில் அது ‘கிளாஸ்’ ஆயிற்று. ஆல்ப்ஸ் மலையின் சவாய்ப் பகுதி மக்கள் தங்கள் பள்ளத்தாக்குகளில் இறங்கிக் கிடந்த பெரும் பனித்திரளைக் குறித்த சொல்லே ஆங்கிலத்துக்குக் ‘கிளேசியர்’ என வந்தது. அத்துடன் இயல் என்று பொருள்படும் கிரேக்கத்தின் ‘லோகியா’ சேரத் துறைப்பெயர் பிறந்தது. இந்த வேர்களில் எதிலும் ஓட்டம் என்ற பொருள் இல்லை. பனி ஓடுகிறது என்பதை அறிவியல் அளந்து காட்ட வேண்டியிருந்தது. 1842இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், பிரான்சின் மெர் டு கிளாஸ் பனித்திரளில் குறிகளை வைத்து அளந்தார். நடுப்பகுதி ஓரங்களைவிட வேகமாக நகர்வதைக் கண்டார். ஆற்று நீரும் அப்படித்தான் ஓடுகிறது. 1950களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜான் கிளென் ஆய்வகத்தில் பனிக்கட்டியை அழுத்திப் பார்த்து ஒரு விதியை வகுத்தார். அதன்படி, தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை, இரு மடங்கானால் பனி உருமாறும் வேகம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். பனியின் நகர்வைக் கணிக்கும் இன்றைய கணினிக் கணக்கீடுகள் பெரும்பாலும் இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன.

தமிழின் ‘பனி’ மிக விரிந்த சொல். குளிர், பனித்துளி, கண்ணீர், நடுக்கம் எல்லாம் அதற்குள் அடங்கும். பனித்தல் என்றால் நடுங்குதல். முன்பனி, பின்பனி என்ற பருவப் பெயர்களில் அது பெரும்பாலும் குளிரையும் பனித்துளியையுமே சுட்டுகிறது. ஆனால் ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்று புறநானூறு இமயத்தைச் சொல்லும்போது, மலைமேல் படியும் வெண்பனியையும் அதே சொல் தாங்கிவிடுகிறது. இந்த விரிவு செய்யுளுக்கு வளம். அறிவியலுக்கோ அடைமொழி வேண்டும். பொழிவது வெண்பனி, இறுகியது பனிக்கட்டி, இறுகித் தன் எடையால் நகர்வது பனியாறு. இந்தப் பனியாறு புவியியல் பாடநூல்களில் ஏற்கெனவே பழகிய சொல்தான்.

குழப்பம் வருவது பனிப்பாறை என்ற சொல்லால். கடலில் மிதக்கும் துண்டுக்கும், மலையில் நகரும் பனியாற்றுக்கும், ஒரு கண்டத்தையே மூடிய பனிக்கும் செய்திகளில் இந்த ஒரே சொல்தான் வருகிறது. இது சொல்லழகு பற்றிய குறை அன்று, பொருளே மாறிப்போகிறது. ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் பனி உருகினால் கடல்மட்டம் கிட்டத்தட்ட உயர்வதே இல்லை. நிலத்தின் மேல் உள்ள பனி கடலைச் சேர்ந்தால்தான் உயரும். இரண்டையும் பனிப்பாறை என்று எழுதினால் வாசகருக்கு எது கவலைக்குரியது என்றே தெரியாது. மிதப்பதற்குப் பனிமலை என்ற தனிப்பெயர் இருக்கட்டும்.

நிலத்தை 50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் மூடியிருப்பதே பனிவிரிப்பு. பனிப்படலம் என்றும் எழுதுகிறார்கள். படலம் என்றால் மெல்லியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அண்டார்க்டிகப் பனியின் சராசரித் தடிமனோ சுமார் 2 கிலோமீட்டர். இன்று உலகில் உள்ள பனிவிரிப்புகள் அண்டார்க்டிகாவும் கிரீன்லாந்தும் மட்டுமே. முழுதும் கரைந்தால் கிரீன்லாந்து கடல்மட்டத்தைச் சுமார் 7 மீட்டரும், அண்டார்க்டிகா சுமார் 58 மீட்டரும் உயர்த்தும்.

அவை வளர்வது மிக மெதுவாக. பொழிந்த வெண்பனி அடுத்த கோடையிலும் கரையாமல் தங்கினால் அதை ஃபிர்ன் என்பார்கள். ‘போன ஆண்டின்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அது. பழம்பனி என்று நாம் சொல்லலாம். மேலே மேலே படியும் பனியின் சுமையில் பழம்பனி இறுகிப் பனிக்கட்டியாகும்போது, இடையில் இருந்த காற்று குமிழ்களாகச் சிறைப்படும். அண்டார்க்டிகாவின் டோம் சி பகுதியில் துளையிட்டெடுத்த பனித்தண்டில், அதாவது நீண்ட உருளை வடிவப் பனியில், சிறைப்பட்ட அந்தக் காற்றிலிருந்து 8,00,000 ஆண்டுகளின் வளிமண்டல வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். நடுவில் வளரும் பனி, தன் எடையாலேயே ஓரங்களை நோக்கி நகர்கிறது. அங்கே மேற்பரப்பு உருகியும், துண்டுகளாக உடைந்தும், மிதக்கும் பகுதியின் அடிப்புறத்தைக் கடல்நீர் கரைத்தும் இழப்பு நேர்கிறது. கிரீன்லாந்தில் கோடை உருக்கம் பெரும்பங்கு வகிக்க, அண்டார்க்டிகாவில் இழப்பு பெரும்பாலும் கடலோரத்திலேயே நடக்கிறது.

பனியின் வரவுக்கும் இழப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கும் ‘மாஸ் பேலன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நிறைச் சமநிலை என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. இங்கே சமநிலை என்று எதுவும் இல்லை. கணக்கில் மிஞ்சுவது என்ன என்பதுதான் கேள்வி. நிறைக் கணக்கு என்பது போதும். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையின் மாற்றத்தைக் கொண்டு இந்தக் கணக்கை எடுத்தன. அதன்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 250 பில்லியன் டன்னுக்கு மேல் இழக்கிறது. சுமார் 360 பில்லியன் டன் பனி உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும்.

பனியாறு என்ற சொல்லின் அருமை 2002இல் நன்றாகத் தெரிந்தது. நிலத்துப் பனி கடல்மேல் நீண்டு மிதக்கும் பகுதியே பனித்தட்டு. அண்டார்க்டிகத் தீபகற்பத்தை ஒட்டி மிதந்த லார்சன் பி பனித்தட்டு, சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு, சில வாரங்களில் நொறுங்கியது. அது மிதந்த பனி என்பதால் கடல்மட்டம் நேரடியாக உயரவில்லை. ஆனால் அதுவரை அந்தத் தட்டு பின்னாலிருந்த பனியாறுகளுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. தடை நீங்கவே அவை பல மடங்கு வேகமெடுத்து, நிலத்துப் பனியைக் கடலுக்குள் இறக்கின. பாறை என்று பெயரிட்டால் இந்த நிகழ்வை விளக்கவே முடியாது.

கடல்நீர் உறைந்து உண்டாகும் கடற்பனியும், துருவ நிலங்களில் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலையுறை மண்ணும் பனியாறுகள் அல்ல. அவற்றையும் சேர்த்து, பூமியில் உறைந்திருக்கும் நீர் அனைத்தையும் சுட்டும் பெயர் கிரையோஸ்பியர், அதாவது உறைமண்டலம்.