எதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது?

கர்ப்ப காலத்தில் தாய் புகைபிடித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும், இறக்கும் அபாயமும் கூடும். ஆனால் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி 1971-இல் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகைத் தலை சொறிய வைத்தது. 2,500 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளே அதிகம் பிழைத்திருந்தன. அப்படியானால் எடை குறைந்த குழந்தையைப் புகை காப்பாற்றுகிறதா?

தரவில் பிழை இல்லை. எடையைப் பிரித்துப் பார்த்ததில்தான் சிக்கல். சோனியா எர்னாண்டெஸ் டியாஸும் சக ஆய்வாளர்களும் 2006-இல் அதை ஒரு படம் போட்டு விளக்கினார்கள். அந்த வகைப் படத்துக்குத் திசையுள்ள சுழற்சியற்ற வரைபடம் என்று பெயர், ஆங்கிலச் சுருக்கம் டாக் (DAG). புகை, எடை போல ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஒவ்வொன்றும் ஒரு மாறி. ஒவ்வொரு மாறியும் ஒரு புள்ளி. காரணத்திலிருந்து விளைவை நோக்கி ஓர் அம்பு. அம்புகளின் வழியே போனால் கிளம்பிய புள்ளிக்கே திரும்பி வர முடியாது. எதுவும் தனக்குத் தானே காரணமாக முடியாதல்லவா?

இந்தக் கதையில் புகையிலிருந்து எடைக்கு ஓர் அம்பு. பிறவிக் குறைபாட்டிலிருந்தும் எடைக்கு ஓர் அம்பு. குறைபாட்டிலிருந்து இறப்புக்கு இன்னொன்று. இரண்டு அம்புகள் வந்து முட்டும் எடை என்ற புள்ளியை மோதுபுள்ளி என்போம். சும்மா விட்டால் அது எந்தக் குழப்பமும் செய்யாது. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை மாறிவிடும். தாய் புகைபிடிக்கவில்லை, குழந்தையின் எடையோ குறைவு என்றால், வேறு ஏதோ காரணம் இருந்தாக வேண்டும். பல நேரம் அது புகையைவிடக் கொடிய குறைபாடு. ஆக, புகையால் எடை குறைந்தவர்களைக் குறைபாட்டால் எடை குறைந்தவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். புகை நல்லதுபோலத் தோன்றியது இதனால்தான்.

பொதுக் காரணத்தின் கதை நேர் எதிர். வயது ஏறினால் நரையும் கூடும், மாரடைப்பும் கூடும். வயதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நரைமுடி இதயத்தின் எதிரியாகிவிடும். ஒரு மாறியைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அம்புகளின் திசைதான் முடிவுசெய்கிறது. கையில் கிடைத்த மாறிகளையெல்லாம் சமன்பாட்டில் கொட்டிவிட்டு 'எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டோம்', அதாவது அவற்றின் தாக்கத்தைக் கழித்துவிட்டோம் என்று எழுதும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அம்பு போட்டு யோசிப்பது புதிதல்ல. மரபியலாளர் சூவல் ரைட் 1920 வாக்கிலேயே கினிப் பன்றிகளின் உடல்நிறம் எப்படி வருகிறது என்பதை இப்படி வரைந்து காட்டினார். எந்த மாறிகளைச் சரிக்கட்டினால் போதும் என்பதைப் படத்திலிருந்தே கண்டறியும் விதிகளை 1990-களில் கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் வகுத்தார்.

படம் சரிதானா என்று தரவைக் கேட்டால் அரைகுறை பதில்தான் கிடைக்கும். இரண்டு மாறிகள் மட்டும் இருந்தால், எது காரணம், எது விளைவு என்பதைத் தொடர்பின் அளவு சொல்லாது. அம்புகளைத் துறையறிவுதான் தர வேண்டும். அதிலும் அம்பு போடாமல் விடுவதே துணிச்சலான கூற்று. இங்கே நேரடித் தாக்கம் துளியும் இல்லை என்று அதற்குப் பொருள்.

சீட்டுக் குலுக்கிச் சிகிச்சையைப் பிரித்துக் கொடுக்கும் பரிசோதனையில், சிகிச்சையை நோக்கி வரும் அம்புகள் எல்லாம் அறுந்துபோகின்றன. அங்கேயும் மோதுபுள்ளி பின்வாசல் வழியாக வரும். மருந்தின் பக்கவிளைவாலும் நோயின் கடுமையாலும் பலர் பாதியில் விலகுவார்கள். கடைசிவரை இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், குறைந்த எடைக் குழந்தைகளிடம் நடந்ததே அங்கும் நடக்கும்.